கன்னி ராசிக்கு ஒரு சொல்

நவம்பர் 4, செவ்வாய்

இந்த டைரி அப்பாவின் தொழிற்சங்கம் கொடுத்தது. வருடம் முடியப் போகும்போது என் கைக்கு வந்திருக்கிறது. முதல் பக்கம் விவரம் கேட்கிறது. பெயர்: மின்னொளி. முகவரி: பதினோராம் வகுப்பு, கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். இரத்த வகை: கொதிக்கிற வகை (தகவல் உதவி: அம்மா). அப்பா வேம்பையன் மின்வாரியத்தில் லைன்மேன். அதனால்தான் எனக்கு இந்தப் பெயர். நல்லவேளை தம்பி பிறக்கவில்லை. பிறந்திருந்தால் மின்மாற்றி என்று வைத்திருப்பார்.

இன்று ஏன் எழுத ஆரம்பித்தேன் என்றால், இன்று மாட்டிக்கொண்டேன்.

தலைமையாசிரியை அறைக் கதவில் வெளியே 'தள்ளு', உள்ளே 'இழு' என்று ஒட்டியிருக்கும். நானும் என் பெஞ்ச் கூட்டாளி பானுவும் நேற்று அவற்றை இடம் மாற்றி ஒட்டிவிட்டோம். இன்று பார்த்து கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் வெளியிலிருந்து இழுக்கிறார். டீச்சர் உள்ளிருந்து தள்ளுகிறார். இருவரும் ஒரே திசையில் உழைத்ததால் கதவு அசையவில்லை. கடைசியில் கைப்பிடி மட்டும் அதிகாரியோடு போய்விட்டது.

பானுவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக எனக்கு யாரும் விருது தரவில்லை.

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு உங்க அப்பா இங்க இருக்கணும்" என்றார் டீச்சர். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போன் வந்து சேர்ந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. "வியாழக்கிழமை பேசிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

நவம்பர் 5, புதன்

அப்பா சாமி கும்பிடாதவர். சங்கக் கூட்டத்தில் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு, "கரண்டுக் கம்பிக்கு ராசி தெரியுமா? மேஷம் தொட்டாலும் அடிக்கும், மீனம் தொட்டாலும் அடிக்கும்" என்று பேசுவார். கைதட்டல் பறக்கும். அதிகம் தட்டுபவர் அமிர்தலிங்கம் மாமா. அப்பா கம்பத்தில் ஏறினால் கீழே ஏணி பிடிப்பவர் அவர்தான். பதினெட்டு வருடமாக அப்பா மேலே, மாமா கீழே. என்னை 'எலி' என்றுதான் கூப்பிடுவார். கைப்பிடிக் கதையைக் கேட்டுவிட்டு, "எலி, அந்தக் கைப்பிடிய அவரு வீட்டுக்கே கொண்டுட்டுப் போயிட்டாராமா?" என்று போனில் சிரித்தார்.

ஆனால் அந்த மேடைப் பேச்சாளரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் கூடத்தில் நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. ஊரில் பாதி வீட்டில் அதே காலண்டர்தான். தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல் போட்டிருப்பார்கள். அம்மா அதிகாலையில் பழைய தாளைக் கிழிப்பாள். ஆறே முக்காலுக்கு அப்பா பல் தேய்த்துக்கொண்டே கூடத்தைக் கடப்பார். காலண்டர் அருகில் வந்ததும் கழுத்து நேராக இருக்கும், கண் மட்டும் கொஞ்சம் இறங்கும். கன்னி ராசி. 'ஆதாயம்' என்றால் பிரஷ் வேகமாக ஓடும். 'சோர்வு' என்றால் அன்றைக்கு இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். தலை சீவும் கண்ணாடி எதிர்ச்சுவரில் இருக்கிறது என்பதை அப்பா மறந்துவிட்டார். தலை சீவுகிற நான் மறக்கவில்லை.

வியாழக்கிழமைக்குக் கன்னிக்கு என்ன போட்டிருக்கிறது என்று தூக்கிப் பார்த்தேன். 'இன்பம்.' விளங்கிவிடும். இன்பமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பார்.

காலண்டர்க்காரர்கள் எவ்வளவு கெட்ட நாளானாலும் 'கவலை', 'தடங்கல்' என்று நாசூக்காக நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது போதாது. கிழித்த பழைய தாள்களை அலசினேன். 'ஆசை'யிலிருந்து ஆவை வெட்டினேன். 'சம்பத்து' என்று ஒரு நாள் மீனத்துக்குப் போட்டிருந்தார்கள். சம்மை நறுக்கினால் பத்து. இரண்டையும் சேர்த்து 'இன்பம்' மேல் ஒட்டினேன். மீனத்தின் செல்வத்தில் கன்னிக்கு ஆபத்து! சாயங்காலம் அம்மா பால்வாடியிலிருந்து வருவதற்குள் வேலை முடிந்தது. வெட்டு தெரியவே இல்லை. என் கைத்திறமைக்கு நானே ஒரு சல்யூட்.

நவம்பர் 6, வியாழன், காலை

பிரஷ் சத்தம் நின்றது. அப்படி நின்று நான் கேட்டதே இல்லை.

"செந்தாமரை, உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றார் அப்பா.

அம்மா நெற்றியில் கை வைத்தாள். "சூடே இல்லியே."

"உள்காய்ச்சல்."

அவருக்கு உள்காய்ச்சல், எனக்கு உள்சிரிப்பு. ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொன்னார். டீச்சருக்கும் போன். "கண்டிப்பா இன்னொரு நாள் வர்றேங்க டீச்சர்." போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். திட்டம் வெற்றி.

அதே நாள், சாயங்காலம்

அமிர்தலிங்கம் மாமா விழுந்துவிட்டார்.

நேற்றைக் காற்றில் ரைஸ்மில் பக்கம் தென்னை மட்டை லைனில் விழுந்து கம்பி தொங்கியிருக்கிறது. ஏற வேண்டிய ஆள் லீவு. "ஒரு தடவதானே, நானே ஏறிடுறேன்" என்று மாமா ஏறியிருக்கிறார். கீழே வாய்க்கால் கரை. மழையில் ஊறிய மண். ஏணியின் ஒரு கால் உள்ளே இறங்கிவிட்டது. தொடை எலும்பு இரண்டு துண்டு, இடுப்பிலும் அடி. தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் வரும்போது அப்பா சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலில்தான் இருந்தது. போகும் முன் ஒரு தடவை காலண்டர் முன்னால் நின்றார். ஓரக்கண்ணால் இல்லை. நேராக.

அவர் போனதும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நாளைக் காலையில் எப்படியும் கிழிக்கத்தானே வேண்டும், அதனால்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. பள்ளி விடுமுறை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 8, சனி

அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்தார். ஆபரேஷன் முடிந்து தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்களாம். ஆறு மாதம் கழித்துத்தான் சரியாக நடக்க முடியுமா என்று சொல்வார்களாம்.

சாப்பிடும்போது, "நான் போயிருக்கணும்டி" என்றார்.

"காய்ச்சல்ல கெடந்த மனுசன் எப்படிங்க போவீங்க?" என்றாள் அம்மா.

அந்தக் காய்ச்சலைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் சுவரைப் பார்த்தார். இன்னொருத்தி தட்டைப் பார்த்தாள்.

இரண்டு விரலால் நறுக்கிய ஒரு துண்டுத் தாள். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. ஏணி இறங்கியது மண்ணால்தான். மழையால்தான். இதை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

அப்பா வராததால் டீச்சர் தனியாகத் தண்டனை வைத்திருக்கிறார். ஒரு புது நோட்டு. தினமும் காலையில் 'இன்றைய நோக்கம்' என்று தலைப்பிட்டு, அன்று எதற்காக நாளைச் செலவழிக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும்.

"நீ கெட்ட பொண்ணு இல்ல. காலையில எந்திரிக்கிறப்ப உனக்கு எந்த யோசனையும் இல்ல. யாரு முதல்ல கண்ணுல படுறாங்களோ அவங்கதான் அன்னைக்கு உனக்கு வேலை" என்றார்.

இன்றைய நோக்கம்: நாளைய நோக்கத்தை நாளை யோசிப்பது. வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எனக்கும் வழக்கமான சந்தோஷம் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

அப்பா மேலே ஏறுவதில்லை.

இதை அம்மா சொல்லித்தான் தெரியும். ஆபீசில் போய்ப் புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாராம். ஏற வேண்டிய வேலை வந்தால், "மதியத்துக்கு மேல பாக்கலாம்" என்கிறாராம். மதியம் வந்தால், "நாளைக்கு."

காலையில் காலண்டர் முன்னால் நின்ற நேரத்தை எண்ணினேன். நான் நாற்பத்தைந்து வரை எண்ணிய பிறகுதான் நகர்ந்தார். மேடையில் பேசியவர், பதினெட்டு வருடம் காக்கையோடு சரிசமமாக உட்கார்ந்தவர், ஒரு விரல் நீளத் தாள் முன்னால் கைகட்டி நிற்கிறார்.

நவம்பர் 12, புதன்

கன்னிக்கு 'பயம்' போட்டிருந்தது. இது நான் ஒட்டியது இல்லை. அச்சிட்டது. யாரோ எங்கேயோ பன்னிரண்டு சொல்லைக் கலைத்துப் போட்டு அடுக்கியது.

அப்பா பாதி வழி போய்த் திரும்பி வந்துவிட்டார். வண்டி சரியில்லை என்றார். வண்டி நன்றாகத்தான் இருந்தது. நான் கிளப்பிப் பார்த்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம், "போன் சீட்டுக்கே மாத்திக் கேட்டு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"நீங்களா? கம்பம் இல்லாம நீங்க என்னாங்க செய்வீங்க?"

"போன் எடுப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அடியே போயிருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். அச்சடித்தவன் கையில் அப்பாவை விட முடியாது. நாளைக்கு நானே ஒரு சொல் போடுகிறேன்.

பழைய தாள்களிலிருந்து சொற்களை வெட்டித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். துணிவு, ஆதாயம், அமைதி, நட்பு, வெற்றி, பொறுமை. முதலில் கையில் எடுத்தது 'துணிவு'. எளிதாகத் தெரிந்தது. துணிவு என்று பார்ப்பார், ஏறுவார், எல்லாம் பழையபடி.

ஒட்டப் போகும்போதுதான் தோன்றியது. நாளைக்கும் மழை. துணிவு என்று பார்த்துவிட்டு ஏறி, நாளைக்கும் மண் உள்ளே இறங்கினால்?

வெற்றியும் அதே கதை. அமைதி போட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அப்பா நாளைக்கு எத்தனை மணிக்கு எழுவார், எங்கே போவார், யாரைப் பார்ப்பார், எந்த இடத்தில் கால் வைப்பார் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு நாளை நடத்திப் பார்த்தேன். என் நாள் ஒன்றைக்கூட நான் இப்படி யோசித்தது கிடையாது. பசை இரண்டு தடவை காய்ந்துவிட்டது.

கடைசியில் 'நட்பு'. அதனால் யாரும் விழ முடியாது.

நவம்பர் 14, வெள்ளி

பல் தேய்த்தபடி நின்றார். வாய் கொப்பளித்தார். "அமிர்தத்தப் பாத்துட்டு வர்றேன்" என்று தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டார். எட்டாம் தேதிக்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்தபோது முகம் இன்னும் கெட்டுப்போயிருந்தது. மாமா என்ன சொன்னார் என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். "நல்லாத்தான் பேசுறான்" என்றார். அதைச் சொல்லும்போது, யாரோ அறைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டீச்சர் நோட்டில் இன்று விளையாட்டுக் காட்டவில்லை. இன்றைய நோக்கம்: சொல்ல வேண்டியதைச் சொல்வது. எழுதினேன். சொல்லவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை மாமாவை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அவர் மனைவி கோகிலம் அத்தை ஆறாம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். வீட்டைத் துடைத்துவைக்க ஒரு நாள் வந்திருந்தார். உதவிக்கு நானும் அம்மாவும் போனோம்.

கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம். ஒட்டடை அடிக்க நிமிர்ந்தேன். சுவரில் அதே நகைக்கடை காலண்டர்.

நவம்பர் 6, வியாழன்.

பத்து நாளாக அந்த வீட்டில் யாரும் தாள் கிழிக்கவில்லை. கிழிக்கிறவர் கீழே விழுந்துவிட்டார். அடியில், எந்த ஒட்டும் இல்லாமல், பளிச்சென்று: கன்னி – இன்பம்.

செவ்வாய்க்கிழமை அப்பா இந்தக் கட்டிலுக்குத்தான் மாமாவைத் தூக்கி வருவார். இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே இதுதான்.

என் கை தானாக மேலே போனது. பத்துத் தாளையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

"கிழிக்காதடி" என்றார் அத்தை பின்னாலிருந்து. "அவரு வந்து கிழிக்கட்டும். அந்த வேலையாச்சும் அவரு கையால நடக்கட்டும்."

கையை எடுத்தேன். ஒட்டடை கண்ணில் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வரிக்குக் கீழே சிவப்பு மையில்: "யாரிடம்? எப்போது?" அதற்குக் கீழே கையெழுத்து, தேதி. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நோட்டைச் சட்டென்று மூடிவிட்டேன்.

நான் நல்ல காரியம் செய்தேன் என்று இந்த டைரி நினைத்துவிடக் கூடாது. பள்ளி விட்டதும் நான் செய்தது இதுதான். தீப்பெட்டியில் இன்னொரு 'ஆசை'யையும் இன்னொரு 'சம்பத்தை'யும் நறுக்கிப் போட்டுக்கொண்டு, பசையை எடுத்துக்கொண்டு, மாமா கட்டிலுக்கு என்று அம்மாவிடம் ஒரு துவைத்த விரிப்பு வாங்கிக்கொண்டு, "பக்கத்து வீட்டுல சாவி வாங்கி வச்சுட்டு வர்றேம்மா" என்று மாமா வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஆபத்து என்று ஒட்டிவிட்டால் முடிந்தது. எந்த வீட்டில் பார்த்தாலும் ஒரே சொல். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் யாரும் இல்லை. நாற்காலி போட்டு ஏறினேன். ஆவை ஒட்டியும் விட்டேன்.

பத்தை எடுக்கும்போது கீழே பார்த்தேன். மாமாவுக்காக நாங்கள் போட்ட கட்டில், தலையணை, காலுக்கு வைக்க மடித்த போர்வை. தாள் கிழிக்கப் போகிறவர் அவர்தான். கிழிக்கும்போது படிப்பார். அன்றைக்கு வேம்புக்கு ஆபத்து, அதைத் தான் வாங்கிக்கொண்டோம் என்று வாழ்நாள் முழுக்க நம்புவார். அப்பாவும் நம்புவார். இரண்டு பேரும் என் கத்தரிக்கோலுக்குக் கீழேயே கிழவர்களாகிவிடுவார்கள். அடுத்த வருடம் கல்யாணம், காது குத்து, ஏணி, எல்லாவற்றுக்கும் காலண்டர் முன்னால் கைகட்டி நிற்பார்கள்.

ஆவை நகத்தால் சுரண்டி எடுத்தேன். 'இ' கொஞ்சம் கிழிந்துவிட்டது. ன்பம் பத்திரமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"அப்பா. ஆறாம் தேதி கன்னிக்கு ஆபத்துன்னு போட்டது நான்."

"எந்தக் கன்னி?"

"நம்ம கன்னிதாம்ப்பா."

"நான் எங்க காலண்டர் பாத்தேன்?"

"பல் தேய்க்கையில."

திருப்புளி அந்தரத்திலேயே நின்றது. முதலில் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது வெட்கம். அப்பா வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. காதுதான் முதலில் சிவக்கிறது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்க பாக்குறதா, நான் ஒட்டுனதா?"

"ரெண்டும்."

"ரெண்டும் தெரியாது."

"ஏன் ஒட்டுன?"

"நீங்க ஸ்கூலுக்கு வரக் கூடாதுன்னு."

பள்ளிக்கூட விஷயமே அவருக்கு மறந்துபோயிருந்தது. நினைவுக்குக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "பதினோரு நாளா, என்னய மட்டும் எதுவோ காப்பாத்தி விட்டுருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எதுக்காகக் காப்பாத்துச்சு, எதுக்காக அவனத் தள்ளுச்சுன்னு."

"அப்பா, நான்..."

"பேசாத. கொஞ்ச நேரம் பேசாத."

எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மூஞ்சி கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"நாளைக்கு அமிர்தத்தக் கொண்டாறப்ப நீயும் வா. லீவு போட்டது நான், நான் மொதல்ல சொல்றேன். அப்பறம் நீ சொல்லு."

நவம்பர் 18, செவ்வாய்

மாமாவை நான்கு பேர் தூக்கி வந்து கட்டிலில் விட்டார்கள். மற்றவர்கள் போனதும் அப்பா சொன்னார். நின்றுகொண்டே சொன்னார், கூட்டத்தில் பேசுவதுபோல. ஆனால் குரல் கட்டில் வரைக்கும்தான் போனது.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல அமிர்தம். காலண்டர்ல ஆபத்துன்னு இருந்துச்சு. அதப் பாத்துட்டுப் படுத்துட்டேன்."

மாமா முதலில் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "நீயா? வேம்பு, நீயாடா? கரண்டுக் கம்பிக்கு ராசி தெரியுமான்னு கேட்ட ஆளு நீயா?" சிரிப்பில் கால் அசைந்து வலித்திருக்க வேண்டும். பல்லைக் கடித்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சதும் கோகிலத்துக்கிட்ட மொதல்ல என்னா கேட்டேன் தெரியுமா? வேம்புக்குக் காய்ச்சல் எப்புடி இருக்குன்னு கேட்டேன்டா."

அப்பா தலை குனிந்தபடி நின்றார்.

என் முறை. தள்ளு, இழு கதையிலிருந்து பசை வரைக்கும் சொன்னேன். நேற்று நாற்காலி போட்டு ஏறியதையும் சொன்னேன். ஒரு இடத்தில்கூடச் சொல் விளையாட்டு வரவில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது.

மாமா கேட்டு முடித்தார். என்னைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார்.

எலி இல்லை. அடியே இல்லை. ம்மா. தெரியாத வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல மரியாதையாக. அதற்கு நான்கு அறை வாங்கியிருக்கலாம்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போயிட்டு வாங்க. தூக்கம் வருது."

நவம்பர் 19, புதன்

தீப்பெட்டியைக் குப்பையில் கொட்டினேன். துணிவு தரையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பெருக்கித் தள்ளினேன்.

நவம்பர் 21, வெள்ளி

அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. என்னோடு இரண்டு நாள் பேச்சில்லை. அப்பாவோடு மூன்று நாள். "எனக்குத் தெரியாம காலண்டரப் பாத்துட்டு, எங்கிட்டயே மூடநம்பிக்கைன்னு லெக்சர்" என்று சாம்பாரிடம் சொல்கிறாள்.

போன் சீட்டு கேட்டு எழுதிய கடிதம் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. காலண்டர் பக்கம் இப்போது கண்ணே போவதில்லை. ஆனால் எதைப் பார்த்து நாளை ஆரம்பிப்பது என்று தெரியாதவர்போல, பிரஷ்ஷோடு கூடத்தின் நடுவில் நின்றுவிடுகிறார். நான் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார். நானும் ஒதுங்குகிறேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்கிறோம்.

இன்றைய நோக்கம்: கோகிலம் அத்தைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது. ஆறு குடம். கொடுத்தேன். மாமா தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தார். இமை ஆடியது.

நவம்பர் 24, திங்கள்

மாமா வீட்டிலிருந்து போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், கை முழுக்கப் பிசைந்த மாவு.

"ஏறலையாமே?"

அப்பா மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தார்.

"கீழ யாரப் போடுறாங்க?"

"செல்வராசு."

"அவன் அவசரக்காரன். மழை பேஞ்ச எடத்துல ஏணிக் காலுக்கு அடியில பலகை போடணும். நான் அன்னைக்குப் போடல. மேல ஏறுற நெனப்புல கீழ இருக்குறவன் வேலைய மறந்துட்டேன். அவன்கிட்ட சொல்லு. நீயே குனிஞ்சு பாத்துட்டு ஏறு."

"சரிடா."

"மூணு விரக்கட கனம் இருக்கணும் பலகை."

"சரிடா அமிர்தம்."

வைத்துவிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா மாவுக் கையோடே சட்டைப் பைக் கடிதத்தை எடுத்து இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தார். எழுத்தெல்லாம் மாவு.

நவம்பர் 26, புதன்

டைரியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, இயற்பியல் நோட்டுக்கு நடுவே வைத்து எழுதுகிறேன். மாட்டினால் மாட்டட்டும்.

காலையில் இட்லி சாப்பிடும்போது அப்பா யாரும் கேட்காமலே சொன்னார். "இன்னைக்கு உங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ரோட்டுல கம்பி மாத்துறோம். நான்தான் ஏறுறேன். பலகை ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். "மழை வராப்புல இருக்கே."

"வந்தா எறங்கிடுவேன். நின்னதும் ஏறுவேன்."

11.50. மின்விசிறி நின்றது. வகுப்பு முழுக்க "ஊஊ" என்று கத்தியது. எனக்கு மட்டும் ஏன் நின்றது என்று தெரியும். கம்பத்தில் ஆள் ஏறும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஏறியவர் இறங்கி, கூட இருக்கிற எல்லாரும் தரையில் நிற்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்ப விடுவார்கள். இந்த ஜன்னலிலிருந்து ரோடு தெரியாது. மதில்தான் தெரிகிறது. எனக்குத் தகவல் சொல்ல இருப்பது அந்த மூன்று இறக்கைகள் மட்டும்தான்.

12.05. இன்னும் இல்லை. சார் உராய்வு நடத்துகிறார். ஈரமான பரப்பில் உராய்வு குறையும் என்கிறார். வேறு பாடமே கிடைக்கவில்லையா.

12.15. தூறல். மதில்மேல் புள்ளி புள்ளியாக விழுகிறது. மழை வந்தால் இறங்கிடுவேன் என்றார். இறங்கியிருந்தால் விசிறி சுற்றியிருக்குமா, இல்லை, மறுபடி ஏற வேண்டும் என்று அப்படியே நிறுத்தி வைத்திருப்பார்களா? இதைக் காலையில் கேட்டிருக்க வேண்டும்.

12.22. "வெந்து சாகுறோம், உங்கப்பா ஆளுங்க என்னாடி பண்றாங்க?" என்கிறாள் பானு, நோட்டால் விசிறிக்கொண்டே. நான் மேலே விசிறியையே பார்க்கிறேன். என் முகத்தைப் பார்த்து அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

12.31. தூறல் நின்றுவிட்டது. எங்கோ தூரத்தில் ஏதோ உலோகம் விழுகிற சத்தம். ஸ்பேனராக இருக்கும். ஸ்பேனர்தான்.

12.36. பானு என் கையைப் பிடித்திருக்கிறாள். இடது கை. வலது கை எழுதுகிறது.

12.40. ஒரு இறக்கை கொஞ்சம் நகர்ந்தது. காற்றா என்று பார்த்தேன். இல்லை, மூன்றும் நகர்ந்தன. பிறகு வேகம். வகுப்பு முழுக்க "ஏஏ" என்று கத்தியது. சார் சாக்பீஸைத் தூக்கி வைத்துவிட்டு, "அமைதி, அமைதி" என்கிறார். நோட்டுப் பக்கங்கள் எல்லாம் படபடக்கின்றன. இந்தப் பக்கத்தையும் முழங்கையால் அழுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"ஏய், எதுக்குடி அழுவுற? அதான் கரண்டு வந்துடுச்சுல்ல" என்கிறாள் பானு.

இறங்கிவிட்டார்.